நான் அடைக்காமல் விட்ட ஓட்டை

தினேஷ், இதை நின்றுகொண்டு படிக்காதே. உட்கார்ந்து படி. சனிக்கிழமை உன் கணினியை எடுத்துப்போக வருவதாக அம்மாவிடம் சொல்லியிருக்கிறாய். வந்து திரையைப் போட்டால் ‘அப்பா’ என்று நீ எனக்குப் போட்டுக்கொடுத்த ஃபோல்டரில் புதிதாக ஒரு கோப்பு இருக்கும். அதைத்தான் இப்போது படித்துக்கொண்டிருக்கிறாய். நான் வீட்டில் இருக்க மாட்டேன். அம்மாவைக் கூட்டிக்கொண்டு தேக்கா சந்தைக்குப் போய்விடுவேன். நீ படிக்கும்போது கூடத்தில் உட்கார்ந்து உன் அறைப் பக்கம் காதைத் தீட்டிக்கொண்டிருக்கக் கூடாது என்பதற்காகத்தான். அந்தப் புத்தி எனக்கு உண்டு என்று உனக்குத் தெரியும். எவ்வளவு உண்டு என்பது தெரியாது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

போன ஞாயிற்றுக்கிழமை நீயும் ஷாமினியும் பெட்டிகளைக் கட்டிக்கொண்டு கிளம்பினீர்கள். அவள் கீழே வண்டியில் காத்திருந்தாள். நீ கடைசிப் பெட்டியை மின்தூக்கிக்குள் வைத்துவிட்டு, கதவு மூடாமல் காலால் தடுத்துக்கொண்டு என்னைப் பார்த்தாய். “சாரிப்பா. கல்யாணத்துக்கு முன்னாடியே நாங்க புக்கிட் மேராவுல வாடகைக்கு ஒரு வீடு பாத்து வச்சிருந்தோம். தனியாப் போறதா இருந்தோம். உங்ககிட்ட சொல்லத் தைரியம் வரல. அப்பவே சொல்லிருந்தா இவ்ளோ மனக்கசப்பு வந்திருக்காது. தப்பு என்மேலதான்” என்றாய். நான் “பரவால்ல லா, பரவால்ல” என்று சொல்லி உன் தோளைத் தட்டிக்கொடுத்தேன். பெருந்தன்மையாக மன்னிக்கிறவன் மாதிரி. கதவு மூடியது. நான் பூன் லே வீட்டு நடைபாதையில் அப்படியே நின்றேன். பக்கத்து வீட்டுக்காரர் ஜெயிலானி வந்து “என்ன அண்ணே, பையன் போறானேன்னு வருத்தமா?” என்று கேட்டார். ஆமாம் என்று தலையாட்டினேன். அதுவும் பொய்தான். எனக்கு அப்போது வருத்தமில்லை. அவமானம். ஏனென்றால் நீ மன்னிப்புக் கேட்ட அந்த விஷயம் எனக்கு முன்பே தெரியும். உன் கல்யாணத்துக்கு ஒன்பது வாரம் முன்பே தெரியும். நீ வீடு பார்த்த தெரு தெரியும், எத்தனையாவது மாடி என்று தெரியும்.

எப்படித் தெரியும் என்பதற்கு ஆரம்பத்திலிருந்து வர வேண்டும். கப்பல் பட்டறையின் பொருள்கிடங்கில் முப்பத்தொரு வருடம் ஜன்னலுக்குப் பின்னால் நின்றவன் நான். ஓய்வு கொடுத்து அனுப்பியதும் வீட்டில் என் வாய் நீண்டுவிட்டது. அரிசி டப்பா எங்கே இருக்க வேண்டும் என்று அம்மாவுக்கே பாடம் எடுத்தேன். தொல்லை தாங்காமல் நீதான் என்னை அந்த ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் சேர்த்துவிட்டாய். லிட்டில் இந்தியாவில் பூமாலைக் கடைக்கு மேலே, செங்குத்தான மரப்படி ஏறிப் போனால் ஓர் அறை. ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர்களுக்குப் புரோகிராம் எழுதக் கற்றுத்தரும் வகுப்பு. ஆசிரியை ரேவதிக்கு உன்னைவிட வயது குறைவு. என்னை “அங்கிள்” என்றுதான் கூப்பிடும். முதல் நாள் ஒரு மேற்கோள் குறியைக் காணாமல் முக்கால் மணி நேரம் தேடினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் பார்த்தால் குறி இருந்தது, ஒன்றுக்குப் பதில் இரண்டாக. ரேவதி சிரிக்கவில்லை. “எனக்கும் இப்படித்தான் ஆகும் அங்கிள்” என்றது. அதற்காகவே மறு வாரமும் போனேன்.

நான்காவது மாதம் ஆளுக்கொரு வேலை எடுத்துச் செய்யச் சொன்னார்கள். ஒருவர் பேரப்பிள்ளைக்கு வாய்ப்பாட்டு விளையாட்டு செய்தார். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. ரேவதி, “அங்கிள் என்ன வேலை பாத்தீங்க?” என்று கேட்டது. சொன்னேன். தொழிலாளி சீட்டைக் கொண்டு வந்து ஜன்னலில் நீட்டுவான். சீட்டில் உள்ள சாமானை நான் உள்ளே போய் எடுத்து வந்து கொடுப்பேன். எவனும் உள்ளே வர முடியாது. மேலாளரே ஒருமுறை ஒரு வால்வைத் தானே எடுத்துக்கொள்கிறேன் என்று உள்ளே நுழையப் பார்த்தார், “சார், சீட்டு எழுதிட்டு வாங்க” என்று கதவை மறித்தேன். ரேவதிக்கு ஒரே சந்தோஷம். “அப்போ நீங்க ஏற்கெனவே ஒரு சர்வர் அங்கிள். கோப்பு அனுப்புற சர்வர் ஒண்ணு எழுதுங்க” என்றது. அந்த ஜன்னலை நான் கணினிக்குள் கட்ட வேண்டும். இந்தப் பக்கத்திலிருந்து ஒரு புரோகிராம் இன்ன கோப்பு வேண்டும் என்று கேட்கும். அந்தப் பக்கம் காத்திருக்கிற சர்வர் அதை எடுத்துக் கொடுக்கும். அனுப்புகிற கோப்பை வாங்கி வைக்கவும் செய்யும். அவ்வளவுதான். அவ்வளவுதான் என்று சொல்ல எனக்கு இரண்டு மாதம் ஆனது.

நீ அந்த இரண்டு மாதமும் பார்த்தாய். அம்மாவின் படத்தை அனுப்பினால் நெற்றிப் பொட்டு வரைக்கும்தான் வந்து சேரும், கீழே எல்லாம் சாம்பல் நிறம். ஒரே தடவையில் முழுக் கோப்பும் வந்துவிடும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். வராது, துண்டு துண்டாகத்தான் வரும், எவ்வளவு வரப்போகிறது என்று முதலிலேயே சொல்லிவிட்டு, அவ்வளவும் வந்து சேரும்வரை வாங்கிக்கொண்டே இருக்க வேண்டும் என்று புரிந்தபோது எனக்கு இருந்த குஷியை உன்னிடம்தான் வந்து சொன்னேன். என் மடிக்கணினியிலிருந்து என் மடிக்கணினிக்கே அனுப்பிப் பார்த்து அலுத்துப்போய், “உன் கம்ப்யூட்டர்ல இத ஓட விடேன்டா, நான் கூடத்துலேருந்து அனுப்பிப் பாக்குறேன்” என்று கேட்டேன். ரயில் பராமரிப்பு வேலை பார்க்கிற உனக்கு இதெல்லாம் அதிகம் தெரியாது. ஆனாலும் ஒரு கேள்வி கேட்கவில்லை. உன் கணினியில் ‘அப்பா’ என்று ஒரு ஃபோல்டர் போட்டாய், என் புரோகிராமை அதில் வைத்தாய், ஓட விட்டாய். “இந்த ஃபோல்டர் உங்களுக்குப்பா. என்ன வேணும்னாலும் போட்டுக்குங்க” என்றாய். அன்றிலிருந்து தினம் சாயங்காலம் கூடத்திலிருந்து ஏதாவது அனுப்புவேன். மதியம் வைத்த மீன் குழம்பின் படம், கோப்பிக் கடைப் பூனையின் படம். நீ அறைக்குள்ளிருந்து “வந்துருச்சுப்பா!” என்று குரல் கொடுப்பாய். நீ ஆறாம் வகுப்பு தாண்டிய பிறகு நாம் இருவரும் அவ்வளவு பேசிக்கொண்டதே இல்லை. அந்த மூன்று வாரம்தான் நான் உனக்கு அப்பாவாக ஒழுங்காக இருந்த காலம் என்று இப்போது தோன்றுகிறது.

பிறகு ஒரு ஞாயிறு, வகுப்பில் ரேவதி என் சர்வரை எல்லாருக்கும் காட்டச் சொன்னது. கோப்பு போனது, வந்தது, எல்லாரும் கைதட்டினார்கள். ரேவதி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, “அங்கிள், கேக்குறத எல்லாம் இது குடுத்துருமா?” என்று கேட்டது. குடுக்கும் என்றேன் பெருமையாக. கோப்பின் பெயர் கேட்கிற இடத்தில் அது இரண்டு புள்ளியும் ஒரு சாய்கோடும் அடித்தது. அப்படி அடித்தால் இந்த ஃபோல்டரை விட்டு ஒரு படி மேலே போ என்று அர்த்தமாம். சர்வர் போனது. என் மடிக்கணினியில் இருந்த என் மருந்துச் சீட்டு, வங்கிக் கடிதம் எல்லாம் வரிசையாகத் திரையில் வந்து நின்றது. வகுப்பே பார்த்தது. ஜன்னலை ஒழுங்காகக் கட்டிவிட்டுப் பக்கத்துச் சுவரை நான் கட்டவே இல்லை. “எல்லாரும் முதல்ல பண்ற தப்புதான் அங்கிள். கேட்ட இடம் ஃபோல்டருக்கு உள்ளதான் இருக்கான்னு பாத்துட்டு அப்புறம் குடுக்கணும். வீட்ல ஓடுறதையும் மாத்திருங்க” என்றது ரேவதி. அங்கேயே உட்கார்ந்து நான்கு வரி சேர்த்தேன். மறுபடி இரண்டு புள்ளி அடித்துப் பார்த்தேன். ‘அனுமதி இல்லை’ என்று வந்தது. அந்தச் சொல்லை நானே தமிழில் எழுதி வைத்திருந்தேன்.

வீட்டுக்கு வந்து சாப்பிடும்போது உன்னிடம் சொன்னேன், ஞாபகமிருக்கும். “டீச்சர் ஒரு ஓட்டை கண்டுபுடிச்சாங்கடா.” நீ சிரித்துக்கொண்டே, “அப்போ நம்ம வீட்ல ஓடுறதையும் மாத்தணுமா?” என்றாய். சாயங்காலம் மாத்திக்கலாம் என்றேன். நீ ஷாமினியைப் பார்க்க வெளியே போனாய். மணி ஐந்தரை. அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள். நான் மடிக்கணினியைத் திறந்தேன். உன் கணினியிலும் ஓட்டை இருக்கிறதா என்று சோதிக்கத்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது நிஜமாகவும் இருக்கலாம். முதல் தடவைக்கு மட்டும். இரண்டு புள்ளி அடித்தேன். உன் ஃபோல்டர்களின் பெயர்கள் வந்தன. இருக்கிறது என்று தெரிந்துவிட்டது, அதோடு மூடியிருக்க வேண்டும். ‘ஷாமினிக்கு’ என்று ஒரு கோப்பு இருந்தது. உன் பழக்கம் எனக்குத் தெரியும். முக்கியமானதைப் பேசுவதற்கு முன் எழுதி வைத்துக்கொள்வாய். சின்ன வயதில் நீ பேச ஆரம்பித்தால் பாதியில் நான் முடித்து வைப்பேன், அதனால் வந்த பழக்கம். நான் அந்தக் கோப்பைக் கேட்டேன். என் சர்வர், நான் இரண்டு மாதம் கண் வலிக்க எழுதிய சர்வர், மறுபேச்சில்லாமல் எடுத்துக் கொடுத்தது.

நீ எழுதியிருந்ததில் எதையும் நான் மறக்கவில்லை. ‘அப்பா கெட்டவர் இல்லை. உன்னை நன்றாகப் பார்த்துக்கொள்வார். ஞாயிற்றுக்கிழமை உனக்குப் பிடித்த மீன் எது என்று கேட்டு வாங்கி வருவார். ஆனால் மூடி வைத்த எதையும் அவரால் பொறுத்துக்கொள்ள முடியாது. கதவைத் தட்டுவார், ஆனால் திறந்துவிட்டுத்தான் தட்டுவார். நான் பழகிவிட்டேன். நீ பழக வேண்டாம். நாம் பதிந்து வைத்திருக்கிற புது வீடு கட்டி முடிய இரண்டு வருடம் ஆகும். அதுவரை வாடகைக்கு எங்காவது இருப்போம். இது என் வாக்கு.’ அதைப் படித்துவிட்டு எனக்கு வெட்கம் வந்திருக்க வேண்டும். வந்தது கோபம். திறந்துவிட்டுத் தட்டுகிறவன் என்று என்னைச் சொன்ன கடிதத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, என்னை எப்படி இவன் இப்படிச் சொல்லலாம் என்று கொதித்தேன். அந்த அழகைப் பார்த்துக்கொள்.

உனக்குப் பதினைந்து வயதில் நடந்ததை நீ அந்தக் கடிதத்தில் எழுதவில்லை. மறந்திருக்க மாட்டாய், என்னை விட்டுக்கொடுக்க மனமில்லாமல் விட்டிருப்பாய். கைச்செலவுக் காசில் ஒரு சின்னத் தாழ்ப்பாள் வாங்கி வந்து, உன் அறைக் கதவில் நீயே கோணல்மாணலாக மாட்டியிருந்தாய். மறுநாள் நீ பள்ளிக்கூடம் போனதும் நான் திருப்புளியை எடுத்துக் கழற்றிவிட்டேன். நீ வந்து கதவைப் பார்த்தாய், நான்கு ஆணித் துளையையும் விரலால் தொட்டுப் பார்த்தாய், ஒன்றும் கேட்கவில்லை. அடம் அடங்கியது என்று அன்று அம்மாவிடம் பெருமையடித்தேன். அம்மா, “அடம் இல்லங்க, அவன் உங்ககிட்ட கேக்குறத விட்டுட்டான்” என்றாள். உன் கல்யாணத்துக்கு அந்த அறைக்கு வண்ணம் பூசும்போது அந்த நான்கு துளையையும் மாவு வைத்து அடைத்துத் தேய்த்து மழமழவென்று ஆக்கினேன். அதை மட்டும் அடைக்கத் தெரிந்தது எனக்கு.

சர்வரை மாற்றவில்லை. மறுநாள் நீயே வந்து கேட்டாய். “அப்பா, அந்த ஓட்டை சரி பண்ணணும்னு சொன்னீங்களே, நான் ஏதாவது பண்ணணுமா?” நான் செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமல், “அதெல்லாம் ஒண்ணுமில்லடா. நம்ம வீட்டுக்குள்ளதான ஓடுது. நல்லாத்தான் இருக்கு, விடு” என்றேன். நீ “சரிப்பா” என்றாய். உனக்கு அது ஒரு சொல். எனக்கு அந்த ஒரு சொல்லைத் தாண்டி வர முடியவில்லை, தம்பி. அதற்கு முன்னால் செய்தது புத்தி கெட்டுப்போய்ச் செய்தது என்றாவது சொல்லலாம். அதற்குப் பிறகு செய்ததெல்லாம் தெரிந்தே செய்தது. வகுப்புக்குக் கொண்டுபோகிற மடிக்கணினியில் ஓட்டை அடைத்த சர்வர். உன் கணினியில் ஓட்டை உள்ள சர்வர். ரேவதி “வீட்லயும் மாத்திட்டீங்களா அங்கிள்?” என்று கேட்டதற்கு, மாத்திட்டேன் என்று அந்தப் பிள்ளையிடமும் பொய் சொன்னேன்.

புக்கிட் மேரா வீட்டு வாடகை ஒப்பந்தம், நீயும் ஷாமினியும் போட்ட கட்டில் அளவு, வெள்ளைத் திரைச்சீலைப் படம் எல்லாம் பார்த்தேன். பரிசம் போடுகிற நாளன்று நிகழ்ச்சி முடிந்து வந்து அம்மாவையும் என்னையும் உட்கார வைத்துச் சொல்வதாக அவளிடம் எழுதியிருந்தாய். ஆகவே அதற்கு முன்னால் நான் முந்திக்கொள்ள வேண்டும். ஈசூனில் ஷாமினி வீட்டுக் கூடம். பாயில் இரண்டு பக்கத்துச் சொந்தமும் உட்கார்ந்திருந்தார்கள். பழத்தட்டு, பூத்தட்டு, சேலை எல்லாம் நடுவில். பரிசத் தட்டு கை மாறும்போது நான்கு பேர் முன்னால் சொல்கிற சொல்லை யாரும் பிறகு மாற்றுவதில்லை. அது உனக்கும் தெரியும், எனக்கு உன்னைவிட நன்றாகத் தெரியும். தட்டைக் கையில் பிடித்துக்கொண்டு, அவள் அப்பா கை நீட்டிய நேரத்தில், குரலைக் கொஞ்சம் தழதழக்க வைத்துக்கொண்டு சொன்னேன். “சம்பந்தி, இன்னைக்கே எல்லார் முன்னாடியும் சொல்லிடுறேன். உங்க பொண்ணு எனக்கு மருமக இல்ல, மக. புது வீடு வர்ற வரைக்கும் ரெண்டு பேரும் எங்க வீட்லதான். ரூம்புக்குப் பெயிண்ட் அடிச்சாச்சு, கட்டில் வந்தாச்சு. தினேஷுக்கும் அதுதான் ஆச. இல்லடா?”

அந்த ‘இல்லடா’வைச் சொல்லும்போது நான் உன் முகத்தைப் பார்க்கவில்லை. ஷாமினியைத்தான் பார்த்தேன். அவள் உன்னைப் பார்த்தாள். சம்பந்திக்குக் கண் கலங்கிவிட்டது. “இந்தக் காலத்துல யார் இப்படிச் சொல்லுவா” என்று அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். இருபது பேர் உன் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நீ அங்கே மறுத்திருந்தால் உன் அப்பனைச் சபையில் அவமானப்படுத்தினாய் என்று ஆகியிருக்கும். நீ அப்படிச் செய்கிற பிள்ளை இல்லை. அதையும் கணக்கில் வைத்துத்தான் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தேன். “ஆமா” என்றாய். தட்டு கை மாறியது. அம்மா வண்டியில் வரும்போது, “ரூம்புக்குப் போன வாரம்தான பெயிண்ட் அடிச்சீங்க. இவங்க எங்க இருக்கப் போறாங்கன்னு யாரும் பேசவே இல்லையே, உங்களுக்கு என்ன அவ்ளோ அவசரம்?” என்று கேட்டாள். ரேடியோவின் சத்தத்தைக் கூட்டினேன்.

எட்டு மாதம் நீங்கள் என்னோடு இருந்தீர்கள். நான் ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்கி வந்தேன். ஷாமினிக்குப் பிடித்த வஞ்சிரமே வாங்கி வந்தேன். அவள் மரியாதையாகச் சாப்பிட்டாள். உன்னோடு அவள் அதிகம் பேசுவதில்லை என்று எனக்குத் தெரிந்தது. ஏன் என்று கண்டுபிடிக்க என்னிடம்தான் வழி இருந்ததே. கல்யாணத்துக்குப் பிறகு நான்கு தடவை பார்த்திருக்கிறேன். நான்காவது தடவை, அவளிடம் பேசுவதற்காக நீ எழுதி வைத்திருந்ததைப் படித்தேன். ‘அன்றைக்கு நான் கோழை மாதிரி ஆமாம் சொல்லிவிட்டேன். உனக்குக் கொடுத்த வாக்கை விட என் அப்பாவுக்குப் பயப்படுவதுதான் எனக்குப் பெரிதாக இருந்தது. நீ என்னை நம்ப முடியவில்லை என்று சொல்வது நியாயம்தான்.’ அதைப் படித்த அன்று சாயங்காலமே நான் உன் அறைக்கு வந்து எல்லாவற்றையும் சொல்லியிருந்தால் இன்று ஓரளவு மனுஷனாக இருந்திருப்பேன். வந்தேன். கதவு வரைக்கும் வந்தேன். தட்டினேன். அப்போதும் திறந்துவிட்டுத்தான் தட்டினேன். ஷாமினி உடை மாற்றிக்கொண்டிருந்தாள். “அப்பா!” என்று அவள் போட்ட சத்தத்தில் அம்மா சமையலறையிலிருந்து ஓடி வந்தாள். தெரியாமல் நடந்துவிட்டது என்று நீ அவளிடம் எனக்காகப் பேசினாய். அதற்கு மூன்று வாரம் கழித்து, மருத்துவமனையிலிருந்து அவள் பெயருக்கு வந்த உறையை நான் பிரித்து வைத்தேன். வீட்டுக்கு வருகிற கடிதத்தைப் பிரிப்பது என் வேலை என்றேன். அவள் அந்த உறையை வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். அந்த வாரமே நீ மறுபடி வீடு தேட ஆரம்பித்தாய்.

இந்தக் கடிதத்தை ஷாமினியிடம் காட்டு. அதற்காகத்தான் எழுதுகிறேன், என் மனப்பாரத்தை இறக்கி வைக்க இல்லை. என் பாரம் என்னோடு இருக்கட்டும். நீ அவளுக்குக் கொடுத்த வாக்கை மறந்தவன் இல்லை. நீ சொல்வதற்கு வாய் திறக்கும் முன்னால் ஒருவன் உன் வாயை அடைத்தான், உன் கணினியிலிருந்தே திருடியதை வைத்து. அவளிடம் இதைச் சொல்: உன் கணவன் கோழை இல்லை, அவன் அப்பாதான் திருடன். இந்தச் சொல்லை எழுதிவிட்டு அழித்தேன், மறுபடி எழுதினேன். கிடங்கில் ஒரு திருகாணியைச் சீட்டில்லாமல் எடுத்த பையனை நான் புகார் எழுதி அனுப்பியிருக்கிறேன். அவனுக்கு என்ன பெயரோ எனக்கும் அதே பெயர்தான். அவளிடம் நானே நேரில் சொல்ல வேண்டும் என்றால் வந்து சொல்கிறேன். வேண்டாம் என்றால் வரவில்லை. அதை அவள் முடிவு செய்யட்டும்.

அம்மாவிடம் நேற்று சொல்லிவிட்டேன். மடித்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்தாள். “நான் உங்ககூட முப்பத்தஞ்சு வருஷம் இருக்கேன். எனக்குன்னு மூடி வச்ச ஒரு டப்பா இந்த வீட்ல இருக்கா, சொல்லுங்க பாப்போம்” என்று கேட்டாள். அரிசி டப்பா இருக்கிற இடத்தைக்கூட மாற்றி வைத்தவன் நான். உனக்குப் புத்திமதி சொல்லுகிற யோக்கியதை எனக்கு இல்லை, ஆனாலும் ஒன்று சொல்கிறேன், அப்பன் சொன்னான் என்று எடுத்துக்கொள்ளாதே, இதில் விழுந்து எழுந்தவன் சொன்னான் என்று எடுத்துக்கொள். நாளைக்கு உனக்கொரு பிள்ளை பிறந்து, அது ஒரு தாழ்ப்பாள் வாங்கி வந்தால், நீ திருப்புளியை எடுத்துப்போய் அதை நேராக மாட்டிக்கொடு. அந்தப் பக்கம் என்ன நடக்கிறதோ என்று நினைப்பு ஓடும். ஓடட்டும். பாசத்தில்தானே பார்க்கிறேன் என்று தோன்றும். எனக்கும் கடைசிவரை அப்படித்தான் தோன்றிக்கொண்டிருந்தது. நான் உன்மேல் வைத்தது பாசம் இல்லை என்று சொல்லவில்லை. பாசமும் இருந்தது, நீ என் கைக்குள்ளேயே இருக்க வேண்டும் என்ற பேராசையும் இருந்தது, இரண்டையும் நான் பிரித்துப் பார்க்கவே இல்லை.

நீ போன பிறகு அந்த அறைக் கதவை நான் திறக்கவில்லை. உன் கணினி உள்ளே ஓடிக்கொண்டிருக்கிறது, அதில் என் சர்வரும் ஓட்டையோடு ஓடிக்கொண்டிருக்கிறது. இந்தக் கடிதமும் அதன் வழியாகத்தான் வருகிறது. ‘அப்பா’ ஃபோல்டருக்குள் மட்டும் போட்டிருக்கிறேன், நீ எனக்கென்று கொடுத்த இடம் அது ஒன்றுதான். சனிக்கிழமை வந்ததும் முதலில் அந்தப் புரோகிராமை நிறுத்து. பிறகு அதை அழித்துவிடு. ஓட்டை அடைத்ததையும் பக்கத்தில் போட்டிருக்கிறேன். அதை ஓட விடச் சொல்லவில்லை. ஓட விடுவதாக இருந்தால் ரேவதி மாதிரி யாரிடமாவது காட்டி, வரிக்கு வரி படித்த பிறகு செய். நான் கொடுத்தேன் என்பதற்காக எதையும் படிக்காமல் ஓட விடாதே.

இன்னும் ஒன்று. வகுப்பில் எங்களைப் பதிவேடு வைக்கச் சொல்லியிருந்தார்கள். எந்த நாள், எத்தனை மணிக்கு, எந்தக் கோப்பைக் கேட்டார்கள், எதை அனுப்பினார்கள் என்று சர்வர் தானாக எழுதி வைக்க வேண்டும். கிடங்குக்காரனுக்குப் பதிவேடு என்றால் கசக்குமா? முதல் நாளே எழுதி வைத்துவிட்டேன். அதே ஃபோல்டரில் ‘பதிவேடு’ என்று இருக்கிறது. நீ அதைத் திறந்ததே இல்லை. அதே பெயரில் ஒரு வெற்றுக் கோப்பை நான் கூடத்திலிருந்து அனுப்பினால் போதும், எல்லாம் அழிந்துபோகும். நேற்று மாலை அந்த வெற்றுக் கோப்பைச் செய்தும் விட்டேன், பெயரும் வைத்துவிட்டேன், அனுப்புகிற பொத்தானில் விரலையும் வைத்தேன். அனுப்பவில்லை. மேலே நான் சொன்னதெல்லாம் ஏழெட்டுக் கோப்புதான். பதிவேட்டில் நான் அப்படி எடுத்தது நாற்பத்தொன்று இருக்கிறது. சொல்ல வாய் வராதவை அதில் இருக்கின்றன. திற, ஒவ்வொரு வரியாகப் பார். என்னை என்ன செய்வது என்று அதற்குப் பிறகு நீ முடிவு செய்துகொள்.

அதில் கடைசி வரி, இந்தக் கடிதம் வந்து சேர்ந்த நேரமாக இருக்கும். அதற்குக் கீழே என்னுடைய வரி ஒன்றும் இருக்காது.

அப்பா